இரவு ஷிப்டுக்குப் போகும் வழி

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையிலும் சுற்றுப்பட்டிலும் பள்ளிப் படிப்போ ஐடிஐயோ முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நெசவாளர் வீட்டுத் தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் ஊருக்குத் தெற்கே மணல்வெளியாகக் கிடக்கும் பாலாறு, பார்ப்பவர் கண்ணுக்குத்தான் வறண்ட ஆறு. மணலுக்கு அடியில் நீர் நடந்துகொண்டிருக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் அது கடலைச் சேர்கிறது. சேர்வதற்குச் சற்று முன் அந்த ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகள்தான் கல்பாக்கத்தின் நன்னீர்த் தேவைக்கு நீண்டகாலமாகத் தண்ணீர் கொடுத்துவருகின்றன. கல்பாக்கம் என்றால் தலா 220 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகள் கொண்ட சென்னை அணுமின் நிலையம். முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஓரிக்கையிலிருந்து சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். உங்கள் ஆற்றுத் தண்ணீர் சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு உங்களில் சிலர் எப்படிப் போய்ச் சேரலாம் என்பதற்காகவே இந்த மடல்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை. கல்பாக்கத்தின் முதல் அலகு நீண்ட பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுழலியைச் சுழற்றி முடித்த நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கக் கடல்நீர் வேண்டும். அந்தக் கடல்நீர் கரைக்கு வருவது கடலடியில் 468 மீட்டர் நீளத்துக்குக் குடைந்த சுரங்கம் வழியாக. அன்று சுனாமி அந்தச் சுரங்கத்தின் வழியாகவே ஏறி, பம்புகள் இருக்கும் கட்டடத்துக்குள் புகுந்தது. பம்புகள் மூழ்கி நின்றன. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்டில் இருந்தவர்கள் சுழலியை நிறுத்தினார்கள். உலை நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் உலைக்குள் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். மிஞ்சியிருந்த ஏற்பாடுகளைக் கொண்டு அதையும் ஆற்றி, நிலையத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதே அலை கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. ஷிப்டில் இருந்தவர்களின் சக ஊழியர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் வாழும் குடியிருப்பு அது. ஆய்வுகள் முடிந்து, 2005 ஜனவரி 2 அன்று அந்த அலகு மீண்டும் இயக்கப்பட்டது.

அந்தக் காலையில் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தவர்களும், கீழே வால்வுகளுக்கும் பம்புகளுக்கும் ஓடியவர்களும் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களில் எஞ்சினியரிங் படித்தவர்கள் உண்டு. டிப்ளமா முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்போடு பயிற்சிக்கு வந்தவர்கள், ஐடிஐயில் பொருத்துநர் தொழிலோ மின்பணியாளர் தொழிலோ கற்றுக்கொண்டு வந்தவர்கள் என்று ஒரு மின் நிலையத்துக்கு எல்லாப் படியிலும் ஆட்கள் வேண்டும். இந்த மடல் கடைசி இரண்டு வகையினரைப் பற்றியே அதிகம் பேசப்போகிறது. ஓரிக்கையில் அவர்களே அதிகம், அவர்களிடம் இந்த வழியை எடுத்துச் சொல்பவர்கள்தான் குறைவு.

உங்கள் ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்துகிறான். ஆழ்வாரும் உடன் கிளம்புகிறார். திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். பெருமாளும் வந்துவிடுகிறார். காஞ்சி பொலிவிழந்துபோகிறது. அவர்கள் அந்த ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, பேச்சு வழக்கில் ஓரிக்கை. மன்னன் மன்னிப்புக் கேட்டபின் திரும்பிப் போகிறார்கள். சொன்னபடி எழுந்து, சொன்னபடி திரும்பியதால் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர்.

மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஊர் தூங்கும்போது ஓர் இரவு முழுக்க விழித்திருப்பதும், எழுதிவைத்த நடைமுறையைச் சொன்னவண்ணம் செய்வதும்தான் அவர்களுடைய பாதித் தொழில். மீதிப் பாதி, சொன்னவண்ணம் நடக்காதபோது அதை முதலில் கவனிப்பது.

இயக்குவது ஒரு வேலை, பராமரிப்பது இன்னொரு வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஆபரேட்டர் ஷிப்டில் வருவார். ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் நிலையம் ஓடுவதால் மூன்று ஷிப்டிலும் ஆள் இருக்க வேண்டும், தீபாவளி இரவிலும் வைகுண்ட ஏகாதசி விடியலிலும்கூட. கட்டுப்பாட்டு அறையில் மேசை பார்ப்பவர் ஒருவர், கீழே எந்திரங்களுக்கு நடுவே சுற்றிவருபவர் ஒருவர். சுற்றிவருபவர் ஒவ்வொரு மணிக்கும் அழுத்தம், வெப்பம், எண்ணெய் மட்டம், அதிர்வு என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். பேரிங்கின் மேல் கை வைத்துப் பார்ப்பார். பம்பு வழக்கமான குரலில் பேசுகிறதா என்று காது கொடுப்பார். பராமரிப்புத் தொழிலாளி பெரும்பாலும் பகலில் வருவார். பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அளவெடுத்து, அச்சு நேர் பார்த்து, மறுபடி பூட்டிக்கொடுப்பார். எந்திரம் நின்றால் நள்ளிரவிலும் அவரைக் கூப்பிடுவார்கள்.

என்ன மாதிரியான எந்திரம் என்று ஒரு கணக்குச் சொன்னால் விளங்கும். எண்ணூர் பக்கம் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் பழைய அலகுகளும் மேட்டூரின் முதல் நான்கு அலகுகளும் தூத்துக்குடியின் ஐந்து அலகுகளும் தலா 210 மெகாவாட். அத்தகைய ஓர் அலகில் கொதிகலனை விட்டுச் சுழலிக்குப் போகும் நீராவியின் வெப்பம் ஏறக்குறைய 540 டிகிரி. இருட்டில் வைத்தால் இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் சூடு அது. அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 150 மடங்கு. சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைவு. அறுபது நொடிக்கு 3,000 என்று அது சரியாகப் பொருந்தவேண்டியிருப்பதால், நாட்டின் மின்தொகுப்போடு இணைந்த எல்லாச் சுழலிகளும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டே ஓடுகின்றன. இத்தனை அழுத்தத்தில் நீராவிக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் வெளியே வரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது, சீறல் மட்டும் கேட்கும். பழைய நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் கசிவைத் தேடிப் போகும்போது துடைப்பக் கழியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். கழி அறுபட்டு விழும் இடத்தில் கசிவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு நுட்பமும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஓடி நின்ற சுழலியை அப்படியே விட்டுவிட முடியாது. கொதிக்கிற சூட்டில் இருக்கும் பல டன் எடையுள்ள தண்டு, அசையாமல் கிடந்தால் தன் பாரத்தாலும் மேலும் கீழும் சூடு மாறுபடுவதாலும் வளைந்துவிடும். அதனால் ஆறும்வரை, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், ஒரு சிறு மோட்டார் அதை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு மோட்டாரைக் கவனிக்க மறந்த இரவுக்கு விலை, மாதக்கணக்கில் நிலையம் ஓடாமல் நிற்பது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். இதில் அணுமின் துறையின் ஏற்பாடுதான் ஓரிக்கைப் பிள்ளைகளுக்கு மிக நேரானது என்பது இந்த மடலின் கருத்து. இந்திய அணுமின் கழகம் உதவித்தொகைப் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. டிப்ளமாவோ அறிவியல் பட்டமோ பெற்றவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. பத்தாம் வகுப்போடு ஐடிஐ முடித்தவர்கள் பராமரிப்புப் பிரிவுக்கும், பன்னிரண்டாம் வகுப்பை அறிவியலில் முடித்தவர்கள் ஆபரேட்டர் பிரிவுக்கும் 24 மாதப் பயிற்சிக்குப் போகலாம். இந்த இரு பிரிவுக்கும் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். வயது 18 முதல் 24 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் 24 மாதப் பயிற்சிக்கு முதல் ஆண்டு மாதம் 20,000 ரூபாயும் இரண்டாம் ஆண்டு 22,000 ரூபாயும் உதவித்தொகை. நீங்கள் பணம் கட்டிப் படிக்கும் படிப்பு இல்லை. உங்களுக்குப் பணம் கொடுத்துக் கற்றுக்கொடுத்து, நன்றாக முடித்தால் அங்கேயே டெக்னீஷியன் வேலையும் தரும் படிப்பு. நாலு சுவருக்குள் இயற்பியலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுத்து, பிறகு நிலையத்துக்குள் அழைத்துப்போய் ஒவ்வொரு குழாயையும் தொட்டுக்காட்டுகிறார்கள். ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டால் அனுபவசாலி ஒருவர் உங்களைக் கூடவே நடத்திக் கேள்வி கேட்டு, திருப்தியானால் மட்டும் கையெழுத்துப் போடுவார்.

தேர்வு பயப்படும்படியானதில்லை. முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரம், 50 கேள்வி: கணக்கு 20, அறிவியல் 20, பொது அறிவு 10. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், தவறானால் ஒன்று கழியும். அதனால் தெரியாத கேள்வியை விட்டுவிடப் பழக வேண்டும். அடுத்து, தொழில் சார்ந்த கேள்விகளோடு இரண்டு மணி நேரத் தேர்வு. கடைசியாகச் செய்முறைத் திறன் சோதனை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், தமிழில் இருக்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது அநீதி, அதற்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் குரலுக்குப் பதில் வரும்வரை காத்திருந்தால் வயது வரம்பு தாண்டிப்போகும். பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு முறை படித்துவிட்டால், கேள்வியில் வரும் சொற்களில் பெரும்பகுதி பழகிவிடும். ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு கவனம். மாநில அரசு வேலைக்குக் காட்டும் சாதிச் சான்றிதழை மத்திய அரசு நிறுவனத்தில் ஏற்கமாட்டார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட சான்றிதழைத் தனியாக வாங்கிவைக்க வேண்டும். தேர்வில் வென்றும் இந்தத் தாள் இல்லாததால் கடைசி நேரத்தில் அலைபவர்கள் உண்டு. இன்னொன்று, இந்த 24 மாதப் பயிற்சிக்கு உடல் அளவும் பார்ப்பார்கள். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 45.5 கிலோ. விண்ணப்பத்துக்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அணுமின் நிலையம் என்றதும் கதிர்வீச்சு பற்றிய அச்சம் வருவது இயல்பு, அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறிய அளவி அணிந்திருப்பார். அது பதிவு செய்யும் அளவு அவர் பெயரில் கணக்கு வைக்கப்படும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லா மனிதர்களும் வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். பிள்ளைகள் இந்த எண்களைத் தெரிந்துகொண்டு, வேலைக்குப் போனபின் தங்கள் கணக்கை ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் அச்சத்துக்கு அளவு கிடைக்கும்.

அனல்மின் பக்கம் பயிற்சியின் வரலாறு நம் மாநிலத்திலேயே தொடங்குகிறது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, சோவியத் உதவியோடு எழுந்த அதன் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலையங்கள் பெருகினால் பழக்கிய ஆள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அனல்மின் நிலையப் பணியாளர்களுக்கென்றே 1965-இல் ஒரு பயிற்சி நிலையம் அமைந்ததும் நெய்வேலியில்தான். இன்று அது தேசிய மின்சாரப் பயிற்சிக் கழகத்தின் தென்மண்டல நிலையம். எஞ்சினியர்களுக்கும் டிப்ளமா முடித்தவர்களுக்கும் அங்கே ஓராண்டுப் படிப்பு உண்டு. அனல்மின் நிலையத்தை இயக்குவோரும் பராமரிப்போரும் உரிய படிப்போடு உரிய பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பது வழக்கம் மட்டும் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே அப்படிக் கேட்கின்றன. டெக்னீஷியனுக்கு ஐடிஐ சான்றிதழ், முடிந்தால் இரண்டாண்டுப் படிப்பு என்று 2010-இன் விதிமுறையில் எழுதியிருந்தது. ஆகவே ஐடிஐயில் ஓராண்டுத் தொழிலா, ஈராண்டுத் தொழிலா என்று கலந்தாய்வில் தயங்கும்போது, மின் நிலையம் மனதில் இருந்தால் ஈராண்டுத் தொழிலையே எடுங்கள். மின்பணியாளர், பொருத்துநர், கருவிக் கம்மியர் மூன்றும் நல்லவை. கருவிக் கம்மியர் படிப்பை நம் பிள்ளைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. அழுத்தமானியும் வெப்பமானியும் கட்டுப்பாட்டு வால்வும் இல்லாத நிலையமே கிடையாது என்பதால் அது கவனிக்கத் தக்க தொழில்.

பற்றவைப்பவர் தொழிலுக்குத் தனி மரியாதை உண்டு. கொதிகலன் குழாயை ஒட்டும் வெல்டருக்கு மற்ற வெல்டருக்குரிய சான்று போதாது. கொதிகலன் விதிகளின்படித் தனித் தேர்வு எழுதி, மாதிரி ஒட்டிக்காட்டி, அதைச் சோதித்துத் தேற வேண்டும். நிலையத்தில் ஒட்டிய ஒட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குழாயின் பின்பக்கம் கை நுழையாது, கண்ணும் போகாது. சின்னக் கண்ணாடியைப் பிடித்து அதன் பிம்பத்தைப் பார்த்து இடம் வலமாக மாற்றி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இந்தக் கலையை வளர்த்துவருகிறது. ஜரிகை இழை அறுந்தால் முடிச்சு தெரியாமல் இணைக்கும் கை உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் கைக்குப் பொருத்தமான தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பெரிய நிலையம் கிடைக்காவிட்டால் வழி அடைபட்டதாக நினைக்க வேண்டாம். ஆலைகளின் கொதிகலனை இயக்க உரிமம் பெற்ற ஆள் சட்டப்படி வேண்டும். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கொதிகலன் இயக்குநர் சான்றிதழ்களுக்கு மாநிலக் கொதிகலன் இயக்ககம் தேர்வு நடத்துகிறது. வளைகுடா நாடுகளில் மின் உற்பத்தியும் கடல்நீரைக் குடிநீராக்குவதும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் நடப்பதால் அங்கும் இயக்கம் தெரிந்தவர்களுக்கு இடம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 முதல் ஓடும் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்றவற்றுக்காகச் சூரியமித்ரா என்ற இலவசப் பயிற்சி இருக்கிறது. காற்றாலைக்குப் பள்ளிக்கரணையில் தேசிய நிறுவனமே இருக்கிறது. நெய்வேலியில் தொழிற்பழகுநர் சேர்க்கைக்கு அறிவிப்பு வருகிறது. மாநில மின்வாரியத்தின் பக்கமும் கண் வையுங்கள்: 2024-இல் அதன் உற்பத்திப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வடசென்னையின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை திறக்கப்பட்டது.

இனி ஆபத்தைப் பற்றி. அதை மறைத்து ஒரு தொழிலை உங்களுக்குப் பரிந்துரைப்பது துரோகம்.

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. எட்டுப் பேர் தீக்காயமடைந்தனர், அவர்களில் சிலர் பிழைக்கவில்லை. இரண்டு மாதம் ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் இன்னோர் அலகில் மறுபடி வெடிப்பு. அன்றைக்கே ஆறு உயிர்கள் போயின, காயமடைந்தவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஆகவே பயிற்சியில் முதல் பாடமாகக் கேட்க வேண்டியது பர்மிட்டைப் பற்றி. எந்த எந்திரத்தில் கை வைப்பதற்கு முன்னும், அதன் மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, வால்வுகள் மூடிப் பூட்டப்பட்டனவா, உள்ளே அழுத்தம் வடிந்ததா, யார் பார்த்தார், யார் கையெழுத்திட்டார் என்று எழுதிய தாள் அது. மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுவதற்கு முன் வாங்கும் எல்சி (லைன் கிளியர்) தாளின் அண்ணன். பூட்டின் சாவி வேலை செய்பவரின் பையில் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி, எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும், பர்மிட் இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்று சொல்லும் துணிவு ஒரு தொழில் திறன். அது முதல் மாதத்திலேயே வர வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

பயிற்சி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் நினைவில் வைத்திருக்கும் பாடம், அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட். 1979 மார்ச் 28 விடியற்காலை. ஒரு வால்வு திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ, மூடும்படி கட்டளை போனதை மட்டுமே காட்டியது, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு தொட்டியின் மட்டம் ஏறுவதைப் பார்த்தவர்கள், உள்ளே தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி, தானாக ஓடத் தொடங்கிய அவசர நீரூட்டலைக் குறைத்தார்கள். உலையின் உட்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது. அவர்கள் சோம்பேறிகளும் அல்ல, அறிவில்லாதவர்களும் அல்ல. தொட்டி நிரம்பிவிடக்கூடாது என்றே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. இப்படி ஒரு நிலை வரக்கூடும் என்று எவரும் கற்பிக்கவில்லை. விசாரித்த குழு பயிற்சியின் குறையைக் கடுமையாகச் சொன்னது. அதன் பிறகே, உண்மைக் கட்டுப்பாட்டு அறையை அச்சாகப் படியெடுத்த சிமுலேட்டரில் பழகுவது உலகெங்கும் பரவியது. கூடங்குளம் வளாகத்திலும் அப்படிப்பட்ட சிமுலேட்டர் இருக்கிறது. அதில் குழாய் உடையும், பம்பு நிற்கும், மின்சாரம் போகும். எல்லாம் பொய். ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளங்கை வியர்ப்பது மெய்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதத்தில் பவர் பிளான்ட் படிப்பு, நூற்றுக்கு நூறு வேலை, வெளிநாடு உறுதி. கேட்கும் கட்டணம், ஒரு நெசவாளர் குடும்பம் பல மாதம் தறியில் உட்கார்ந்தால் கிடைக்கும் கூலி. எல்லா நிறுவனங்களும் ஏமாற்றுபவை என்று சொல்வது நியாயமாகாது. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தச் சான்றிதழை எந்தச் சட்டம், எந்த வாரியம் ஏற்கிறது? எந்த நிலையத்துக்குள் அழைத்துப்போய் எத்தனை நாள் பழக்குவீர்கள்? கற்றுக்கொடுப்பவர் எந்த நிலையத்தில் எத்தனை ஆண்டு ஷிப்ட் பார்த்தவர்? போன ஆண்டு முடித்தவர்களில் ஐந்து பேருடன் பேசலாமா? பதில் சொல்லத் தயங்கினால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இதே எச்சரிக்கை ஒரு பழைய காயத்திலிருந்தும் வருகிறது. உங்கள் அக்கா அண்ணன்கள் காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இருந்தது. 2006-இல் உற்பத்தி தொடங்கி, ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. வேலை போனபோது அவர்களில் பலர் கையில் எடுத்துப்போகத் தக்க தொழில் இருக்கவில்லை. ஒரே திருகை ஒரே இடத்தில் ஆயிரம் முறை முடுக்கிய வேகத்துக்கு அடுத்த ஆலையில் விலை இல்லை. அது அவர்கள் குற்றமில்லை. கொதிகலனைப் பற்றவைத்து ஏற்றத் தெரிந்தவர், பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர், ஓர் ஆலை மூடினாலும் அந்த அறிவை அடுத்த வாசலுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. எந்திரங்கள் இரும்பு விலைக்குப் போகலாம், அங்கே கற்ற வேலை அப்படிப் போவதில்லை.

உங்கள் அப்பா கோர்வைப் புடவை நெய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுகரையின் நாடாவைத் தள்ள, இருவர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். ஜக்கார்டு அட்டை ஒன்று பிசகினால் பூ கோணுவதற்கு முன்பே தறியின் சத்தம் மாறுவதை அவர் கேட்டுவிடுவார். மின் நிலையத்தில் புதிதாக வருபவருக்கு ஆண்டுகள் செலவழித்துக் கற்றுக்கொடுக்கும் விஷயம் ஏறக்குறைய இதேதான்: சத்தத்தில் வரும் சின்ன மாற்றம், பக்கத்தில் இருப்பவரோடு தாளம், மணிக்கணக்கில் சலிக்காத கண். நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நேர்முகத்தில் கூச்சப்பட வேண்டாம். தறி எப்படி ஓடுகிறது, எங்கே பழுதாகும், அப்பா எப்படிச் சரிசெய்வார் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

கடினங்களும் உண்டு. இரவு ஷிப்ட் உடம்பை வாட்டும். பகலில் தூங்கும் மகனை எழுப்பிக் கடைக்கு அனுப்பாத வீடு வேண்டும். தங்கைகளுக்கு இன்னும் கூடுதல் தடை. பெண்ணை ஷிப்ட் வேலைக்கு அனுப்புவதா என்ற பேச்சு முதலில் வீட்டுக்குள்ளேயே எழும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐக்கு வருபவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரத்தைத் தேர்வுப் புத்தகத்துக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும் ஒதுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்களுக்கு மட்டும் இல்லை, ஊரில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும். கல்பாக்கத்திலும் எண்ணூரிலும் வல்லூரிலும் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் தேடினால் கிடைப்பார்கள். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கூடமோ, பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையோ போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படிப்பட்ட இருவரை அழைத்து உட்காரவையுங்கள். பழைய குறிப்பேடு ஒன்றையும், பூட்டும் பர்மிட் சீட்டும் எப்படி இருக்கும் என்பதையும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெற்றோரோடு வரட்டும். கேள்விகள் அம்மாக்களிடமிருந்து தொடங்கட்டும். அன்று மாலைக்கு முன்பே யாராவது ஒருவர் சுவரில் அளவுகோல் ஒன்றை ஒட்டி, 160 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆற்றங்கரைச் சாலையை நன்கறிந்த ஒருவர்